யாரும் தங்காத துறைமுகம்

நியூசிலாந்தில் ஐரோப்பியர் காய்ச்சிய முதல் பீர், அவர்கள் கட்டிய முதல் வீடு, அங்கே எழும்பத் தொடங்கிய முதல் ஐரோப்பியக் கப்பல், அந்தக் கரையில் உடைந்துபோன முதல் ஐரோப்பியக் கப்பல் ஆகிய நான்கும் ஒரே இடத்தைச் சேர்ந்தவை. ஆக்லாந்தோ வெலிங்டனோ அல்ல, டஸ்கி சவுண்ட். தென்தீவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஒரு ஃபியார்டு அது. நான்கு முதல்களைப் பெற்ற அந்த ஊருக்கு இன்று போனால், ஊரே கிடையாது. சாலை இல்லை, கடை இல்லை, நிரந்தரமாகக் குடியிருப்பவர் ஒருவரும் இல்லை.

வரலாறு முழுக்க அங்கே ஆட்கள் வந்திருக்கிறார்கள், கிளம்பியும் போயிருக்கிறார்கள். ஆனால் வந்தவர்கள் விட்டுச்சென்ற பலவும் போகவில்லை. மனிதன் எட்டாத இடம் பத்திரமான இடம் என்ற நம்பிக்கையை இருநூறு ஆண்டுகளாகப் பொய்யாக்கி வருகிறது இந்தக் கடல்வழி.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். தெற்கு அட்சரேகை 45 பாகையைச் சற்றுத் தாண்டி, டாஸ்மன் கடலைப் பார்த்தபடி இருக்கும் மலைநாடு ஃபியார்ட்லாந்து. கடந்த இருபது லட்சம் ஆண்டுகளில் பல பனியுகங்கள் வந்து போயின. ஒவ்வொரு முறையும் பனியாறுகள் மலையிலிருந்து இறங்கி, கருங்கல்லையும் நைஸ் பாறையையும் அறுத்து, செங்குத்தான பள்ளத்தாக்குகளைக் குடைந்தன. கடைசிப் பனியுகம் முடிந்து பனி உருகியபோது கடல் மட்டம் ஏறிப் பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்தது. அப்படி உண்டான கடல்வழிகளில் ஒன்றுதான் டஸ்கி. சுமார் 40 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் 8 கிலோமீட்டர். வாயிலில் ரெசல்யூஷன் தீவு, ஆங்கர் தீவு தொடங்கி நூற்றுக்கணக்கான தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. வடக்கே பிரேக்சீ சவுண்ட் என்ற இன்னொரு ஃபியார்டு. இரண்டையும் அக்கரன் கால்வாய் என்ற குறுகிய நீர்வழி இணைக்கிறது. ரெசல்யூஷன் தீவைப் பெருநிலத்திலிருந்து பிரிப்பதும் அந்தக் கால்வாய்தான். அதன் மிகக் குறுகிய இடத்தில் அக்கரைக்கு அரைக் கிலோமீட்டர் அளவே தூரம். இந்த அரைக் கிலோமீட்டரை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேலை இருக்கிறது.

மழைக்கு அங்கே குறைவில்லை. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி, ஃபியார்ட்லாந்துக் கரையின் சில இடங்களில் ஆண்டுக்கு ஆறாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. செங்குத்துப் பாறையில் மண் என்று சொல்ல அதிகம் இல்லை. பாசியும் மக்கிய இலையும் சேர்ந்த ஒரு மெல்லிய போர்வையில், ஒன்றன் வேரை ஒன்று பிடித்துக்கொண்டு மரங்கள் நிற்கின்றன. பெருமழையில் ஒரு மரம் பிடி விட்டால் பக்கத்து மரங்களையும் இழுத்துக்கொண்டு சரிவு முழுவதும் கடலில் இறங்கிவிடும். பனிச்சரிவு போல இதை மரச்சரிவு என்கிறார்கள். மலை முகத்தில் தழும்பு போலத் தெரியும் வெளிறிய கோடுகள் எல்லாம் இப்படி உரிந்த இடங்கள்தான். மறுபடி பாசி பிடித்து, புதர் வந்து, காடாக நூறு ஆண்டுகளாவது ஆகும்.

அந்த மழைநீர் காட்டின் மக்கிய இலைகளைக் கழுவிக்கொண்டு கடுந்தேநீர் நிறத்தில் ஃபியார்டுக்குள் இறங்குகிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் கடலோடு உடனே கலக்காமல் மேலே சில மீட்டர் ஆழத்துக்கு ஒரு தனி அடுக்காகவே மிதக்கிறது. அந்தப் பழுப்பு அடுக்கு வெயிலை வடிகட்டிவிடுகிறது. அதன் கீழே சில மீட்டரிலேயே ஆழ்கடலின் இருட்டு. ஆகவே வேறு கடல்களில் வெகு ஆழத்தில் மட்டும் வாழும் கறுப்புப் பவளம் இங்கே பத்துப் பதினைந்து மீட்டரிலேயே மரம் மரமாகக் கிளைத்து நிற்கிறது. உயிரோடு இருக்கும்போது அதன் மேல்தோல் வெள்ளை, உள்ளே இருக்கும் எலும்பு மட்டுமே கறுப்பு. கடலியல் ஆய்வாளர்கள் நீர்மூழ்கிக் கலம் இல்லாமல், சாதாரண முங்கு உடையில் போய் ஆழ்கடல் உயிர்களைப் பார்க்க முடிகிற அபூர்வமான இடம் இது.

நிலமும் அடங்கி இருப்பதில்லை. தென்தீவின் முதுகெலும்பாக ஓடும் ஆல்பைன் பிளவு, ஃபியார்ட்லாந்தை ஒட்டிக் கடலுக்குள் இறங்கிவிடுகிறது. அங்கே ஆஸ்திரேலியத் தட்டு பசிபிக் தட்டின் அடியில் செருகிக்கொண்டிருக்கிறது. 2009 ஜூலை 15 இரவு டஸ்கியில் 7.8 அளவு நிலநடுக்கம் வந்தது. 1931-இல் 256 பேரைப் பலிகொண்ட ஹாக்ஸ் பே நிலநடுக்கத்துக்குப் பிறகு நியூசிலாந்து கண்ட மிகப் பெரிய அதிர்வு அது. தென்தீவின் தென்மேற்கு முனை சுமார் 30 சென்டிமீட்டர் ஆஸ்திரேலியாவை நோக்கி நகர்ந்தது. ஒருவரும் சாகவில்லை. காரணம் எளிது, சாவதற்கு அங்கே ஆள் இல்லை.

மவோரிகள் இந்தக் கடல்வழியை தமாத்தியா என்கிறார்கள். தகிதிமு என்ற பெரும் படகின் தலைவன் தமாத்தியாவின் பெயர் அது. இந்த ஃபியார்டுகள் உண்டான விதம் பற்றி அவர்களிடம் ஒரு கதை உண்டு. தூ-தே-ரகி-வானோவா என்ற தேவன் கையில் வாச்சியோடு தெற்கிலிருந்து கரையைச் செதுக்கிக்கொண்டே வடக்கே போனானாம். தொடக்கத்தில் கை பழகவில்லை, அதனால் டஸ்கிப் பக்கம் துண்டும் துணுக்குமாகத் தீவுகள் மிஞ்சிவிட்டன. மில்ஃபோர்ட் சவுண்ட் வந்து சேர்வதற்குள் கை தேறிவிட்டது, அங்கே நேராகச் சீவிய சுவர்கள். தெற்கு ஃபியார்டுகள் அகலமாகவும் தீவுகள் நிறைந்தும், வடக்கு ஃபியார்டுகள் ஒடுங்கியும் இருப்பதை வரைபடத்தில் எவரும் பார்க்கலாம். கதை சொன்னவர்கள் கரையைப் படகில் அளந்தவர்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கதையின் அடுத்த பகுதி இன்னும் சுவை. இவ்வளவு அழகான இடத்தை விட்டு மனிதர்கள் நகரவே மாட்டார்கள் என்று பயந்து, மரணத்தின் தேவி ஹினே-நுயி-தே-போ கடிக்கும் சிற்றீக்களை அவிழ்த்துவிட்டாளாம். கொசுவைவிடச் சிறிய அந்தக் கறுப்பு ஈ இன்றைக்கும் தேவியின் சொல்லைத் தட்டுவதில்லை. கேப்டன் குக்கின் நாட்குறிப்பிலேயே அதைப் பற்றிய புலம்பல் இருக்கிறது.

மவோரிகளும் இங்கே பெரும் ஊர்களாகக் குடியிருந்ததாகத் தெரியவில்லை. மீன், சீல், பறவை, பச்சைக்கல் என்று பருவத்துக்குப் பருவம் வந்து போனார்கள். சில குடும்பங்கள் நிலைத்தும் இருந்தன. அவர்களில் ஒரு குடும்பத்தை நாம் சீக்கிரம் சந்திப்போம்.

1770 மார்ச்சில் எண்டெவர் கப்பலில் நியூசிலாந்தைச் சுற்றிவந்த ஜேம்ஸ் குக், பொழுது சாயும் நேரத்தில் இந்த வாயிலைக் கண்டார். அந்தி மங்கலின் பெயரையே வைத்துவிட்டு நகர்ந்தார். உடன் வந்த செல்வந்தத் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் உள்ளே போகலாம் என்று நச்சரித்தார். மேற்குக் காற்று ஓயாமல் அடிக்கும் கரையில் பாய்மரக் கப்பல் உள்ளே போவது எளிது, வெளியே வருவதுதான் கஷ்டம். குக் மறுத்துவிட்டார். பேங்க்ஸ் அந்தக் கோபத்தை வெகுநாள் மறக்கவில்லை.

மூன்று ஆண்டு கழித்து குக் தானாகவே உள்ளே வந்தார், வேறு வழியில்லாமல். இரண்டாம் பயணத்தில் ரெசல்யூஷன் கப்பல் தென்துருவப் பனிக்கடலில் நான்கு மாதம் கரையே காணாமல் அலைந்திருந்தது. துணைக்கப்பல் அட்வென்ச்சர் மூடுபனியில் பிரிந்துபோயிருந்தது. 1773 மார்ச் 26 அன்று டஸ்கிக்குள் நுழைந்தார்கள். லெஃப்டினன்ட் பிக்கர்ஸ்கில் கண்டுபிடித்துச் சொன்ன ஒரு குட்டித் துறைமுகத்தில் கப்பலைக் கட்டினார்கள். கரைக்கு எவ்வளவு நெருக்கமாக என்றால், தண்ணீர்மேல் சாய்ந்து வளர்ந்திருந்த ஒரு மரமே கப்பலுக்கும் கரைக்கும் பாலம் ஆனது. பலகை போடவே வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஐந்து வாரமும் அந்தச் சிறு துறையில் நடந்த வேலைகளைப் பட்டியல் போட்டால் மூச்சு வாங்கும். ஒரு பக்கம் கொல்லர் உலை, இன்னொரு பக்கம் பாய் தைக்கும் கூடாரம். முனையில் சுமார் ஓர் ஏக்கர் காட்டை வெட்டி, வானியலாளர் வில்லியம் வேல்ஸுக்கு ஆய்வுக்கூடம். ஜான் ஹாரிசனின் புகழ்பெற்ற கடல் கடிகாரத்தை அச்சு அசலாகப் பார்த்து லார்கம் கெண்டால் செய்திருந்த கடிகாரம் அந்தக் கப்பலில் இருந்தது. நான்கு மாதக் குளிரிலும் ஆட்டத்திலும் அது சரியாக ஓடியதா என்று சோதிக்க, நிலத்தில் நின்று நட்சத்திரங்களை அளக்க வேண்டும். வானமோ அடிக்கடி மூடிக்கிடந்தது. இருந்தும் வேல்ஸ் விடவில்லை. உலகின் மறுகோடியில் இருந்த இந்தப் பாறை முனையின் தீர்க்கரேகை, அக்காலத்தில் மிகத் துல்லியமாக அறியப்பட்ட புள்ளிகளில் ஒன்றாயிற்று. அன்று கோடாரி விழுந்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் பாசி மூடி அங்கே இருக்கின்றன. அந்த இடத்துக்கு ஆஸ்ட்ரானமர்ஸ் பாயிண்ட் என்று பெயர்.

பீர் பிறந்ததும் இங்கேதான். ஸ்கர்வி நோய்க்குப் பயந்த குக், ரிமு மரத்தின் தளிரையும் மனுக்கா இலையையும் வேகவைத்து, வெல்லப்பாகும் மால்ட் சாறும் கலந்து புளிக்கவைத்தார். ரிமு மட்டும் போட்டால் கைப்பு தாங்கவில்லை, மனுக்கா சேர்ந்ததும் குடிக்கும்படி ஆயிற்று. மாலுமிகளுக்கு மீனும் சிங்கி இறாலும் தாராளமாகக் கிடைத்தன. கரையில் புல் மேய்ந்து தேறட்டும் என்று செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் இறக்கினார்கள். அவை பச்சையைத் தொடவே இல்லை. வாயைத் திறந்து பார்த்தால் பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. மனிதர்களைக் காத்த குக்கின் கப்பலில் ஆடுகளுக்கு ஸ்கர்வியின் அறிகுறிகள்!

ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் இந்தத் துறைமுகத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். பச்சை இருள், சாய்ந்த மரப்பாலம், அதில் நடக்கும் ஒரு மாலுமி. லண்டன் கிரீனிச்சில் தேசியக் கடல் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தை நம் காலத்தில் எக்ஸ்ரே எடுத்தபோது, வண்ணத்துக்கு அடியில் இன்னொரு படம் தெரிந்தது. மிதக்கும் பனிப்பாறைகள். அன்டார்ட்டிக் கடலில் வரையத் தொடங்கியதை, டஸ்கியின் பசுமையைக் கண்டதும் அதே துணியில் மூடிவிட்டிருக்கிறார் மனுஷர். துணி தட்டுப்பாடா, மனம் மாறியதா, அவருக்கே வெளிச்சம்.

ஏப்ரலில் ஒரு நாள் படகில் போய்க்கொண்டிருந்த குக்கை ஒரு தீவிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பாறை நுனியில் கையில் தடியோடு ஒருவர், பின்னால் ஈட்டியோடு இரண்டு பெண்கள். குக் கைக்குட்டையை வீசிப் பார்த்தார், எடுக்கவில்லை. வெள்ளைத் தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு ஆயுதமில்லாமல் பாறையில் ஏறினார். அந்த மனிதர் நடுங்கினாலும் நகரவில்லை. தாளை வாங்கிக்கொண்டார். இருவரும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டார்கள், மவோரி முறைப்படி. பிறகு அரை மணி நேரம் பேச்சு. ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாதது யாருக்கும் தடையாக இல்லை, அதிலும் அந்த இளம்பெண் பேசிய வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை என்று கப்பல்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். சில நாள் கழித்து அந்தக் குடும்பம் கப்பலுக்கு வந்தது. ஏறுவதற்கு முன் அந்த மனிதர் ஒரு பச்சைக் கிளையால் கப்பலின் பக்கத்தை அடித்து, ஏதோ ஓதி, கிளையை எறிந்துவிட்டுத்தான் காலை வைத்தார். குக்குக்குப் பச்சைக்கல் வாச்சி ஒன்று பரிசாகக் கிடைத்தது.

இத்தனை பெரிய நிகழ்ச்சிகளுக்கு நடுவே, கப்பலில் வந்த பதினெட்டு வயது ஜார்ஜ் ஃபார்ஸ்டர் ஒரு சின்ன விஷயத்தைக் குறித்துவைத்தார். கப்பலில் ஓர் இளம் பூனை இருந்தது. அது தினமும் காலையில் அந்த மரப்பாலம் வழியாகக் காட்டுக்குள் உலாவப் போகும். அங்கிருந்த சின்னப் பறவைகள் நான்கு கால் எதிரியை அதுவரை கண்டதே இல்லை. மாலுமிகளின் தோளிலும் துப்பாக்கியிலும் வந்து உட்காரும் அளவுக்கு அவற்றுக்கு வெகுளித்தனம். பூனை வயிறாரத் தின்றுவிட்டுத் திரும்பிவரும். ஃபார்ஸ்டர் இதை ஒரு வேடிக்கையாகத்தான் எழுதினார். என்னைக் கேட்டால் குக்கின் வருகையில் கடிகாரத்தையும் பீரையும்விடப் பெரிய செய்தி அந்தப் பூனைதான்.

மனிதர்கள் வரும்வரை நியூசிலாந்து நிலத்தில் வௌவால்களையும் கடற்கரைச் சீல்களையும் தவிரப் பாலூட்டி கிடையாது. தரையில் வேட்டையாடும் கீரியோ நரியோ பூனையோ இல்லாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்த நிலம் அது. பறவைகளுக்கு இருந்த எதிரிகள் வானத்திலிருந்து பார்த்துப் பாயும் கழுகு வகைகள்தான். அவற்றிடமிருந்து தப்ப ஒரே வழி அசையாமல் உறைந்து நிற்பது. பாசிப் பச்சை இறகும் அசையாத உடலும் இருந்தால் கழுகின் கண்ணுக்குத் தப்பலாம். மோப்பம் பிடித்து வருகிற மிருகத்திடம் அதே தந்திரம் தட்டில் வைத்துக் கொடுப்பதற்குச் சமம். மவோரிகளோடு வந்த எலியும் நாயும் இந்தக் கணக்கை முதலில் கலைத்தன. ஐரோப்பியக் கப்பல்கள் அதை முடித்துவைக்க வந்தன.

குக்கின் கப்பலில் இளநிலை மாலுமியாக இருந்த ஜார்ஜ் வான்கூவர் 1791-இல் தானே தலைவராகத் திரும்பி வந்தார். குக் தன் வரைபடத்தில் பிரேக்சீயின் உள்முனைகளைப் பார்க்க நேரமில்லாமல், ‘யாருக்கும் தெரியாது’ என்ற பொருளில் எழுதிவிட்டுப் போயிருந்தார். வான்கூவர் போய்ப் பார்த்து ‘யாரோ ஒருவருக்குத் தெரியும்’ என்று மாற்றினார். கடற்படை ஆட்களுக்கும் குறும்பு உண்டு.

குக்கின் குறிப்பில் வணிகர்களின் கண்ணில் பட்டது வேறு வரி: அங்கே சீல்கள் ஏராளம். ரோமத் தோலுக்குச் சீனச் சந்தையில் நல்ல விலை. 1792 இறுதியில் பிரிட்டானியா கப்பலின் தலைவர் வில்லியம் ரேவன், ஆங்கர் தீவின் லஞ்சன் கோவ் என்ற குட்டிக் குடாவில் பன்னிரண்டு ஆட்களை இறக்கிவிட்டார். சீல் அடித்துத் தோல் சேர்ப்பதும், தான் திரும்பாமல் போனால் தப்பிக்க ஒரு சிறு கப்பலைக் கட்டிவைப்பதும் அவர்களுக்கு இட்ட வேலை. பத்து மாதம் கழித்து ரேவன் திரும்பியபோது 4,500 தோல் தயாராக இருந்தது. ஒரு வீடு இருந்தது. முக்கால்வாசி முடிந்த ஒரு கப்பல் கரையில் நின்றது. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ரேவன் போய்விட்டார். கப்பல் அப்படியே நின்றது.

அடுத்த அத்தியாயம் நாவலாசிரியர்களுக்கு விட்டுவிட வேண்டியது. எண்டெவர் என்ற பெயரில் இன்னொரு கப்பல், குக்கின் கப்பல் அல்ல, 1795-இல் பம்பாயிலிருந்து மாடுகளை ஏற்றிக்கொண்டு சிட்னிக்கு வந்தது. தலைவர் வில்லியம் ரைட் பாம்ப்டன். மாடுகளை இறக்கிவிட்டு, ஃபேன்சி என்ற சிறு கப்பலோடு சேர்ந்து டஸ்கிக்குக் கிளம்பினார். சிட்னி அப்போது கைதிகளின் குடியேற்றம். பாதி வழியில் எண்ணிப் பார்த்தால், கள்ளத்தனமாக ஏறிக்கொண்டவர்கள் நாற்பதுக்கு மேல். இரண்டு கப்பலிலும் சேர்த்து 244 பேர். எண்டெவரோ ஓட்டை ஒழுகல். டஸ்கியின் ஃபெசில் துறையில் பரிசோதித்தபோது இனி இது கடலுக்கு ஆகாது என்று தீர்ப்பாயிற்று. அது கரை தட்டி அங்கேயே முடிந்தது. இப்போது 244 பேர், ஒரு சின்னக் கப்பல், சுற்றிலும் யாரும் இல்லாத காடு.

ரேவனின் ஆட்கள் பாதியில் விட்ட கப்பல் அப்போது கைகொடுத்தது. அதை முடித்து பிராவிடன்ஸ் என்று பெயரிட்டார்கள். அதுவும் ஃபேன்சியுமாகப் பெரும்பாலோரை நார்ஃபோக் தீவுக்கு ஏற்றிச்சென்றன. எண்டெவரின் நீள்படகை நீட்டிக் கட்டி இன்னொரு கலம் ஆக்கினார்கள், அதில் ஒரு கூட்டம் சிட்னி போய்ச் சேர்ந்தது. மிஞ்சிய முப்பத்தைந்து பேர் காத்திருந்தார்கள். 1796 முழுவதும் யாரும் வரவில்லை. 1797-இல்தான் மெர்க்குரி என்ற அமெரிக்கக் கப்பல் வந்து அவர்களை மீட்டது. சீல் கறியும் மழையும் சிற்றீயுமாக அந்த முப்பத்தைந்து பேர் கழித்த காலத்தைப் பற்றி அவர்களில் எவரேனும் விரிவாக எழுதியிருந்தால், நியூசிலாந்து இலக்கியம் அங்கிருந்து தொடங்கியிருக்கும். எண்டெவரின் மிச்சம் இன்னும் ஃபெசில் துறையின் அடியில் கிடக்கிறது.

சீல் வேட்டை அடுத்த முப்பது நாற்பது ஆண்டில் சீல்களையே கிட்டத்தட்டத் தீர்த்துவிட்டது. தோல் தீர்ந்ததும் ஆட்களும் தீர்ந்தார்கள். அப்படிக் கடைசியாக வந்துபோன கூட்டங்களில் ஒன்று 1849-இல் ரெசல்யூஷன் தீவின் பனியில் ஒரு பெரிய பறவையின் கால்தடத்தைக் கண்டது. நாய் துரத்திப் பிடித்தது. நீலமும் பச்சையுமான உடல், சிவந்த தடித்த அலகு, பறக்கத் தெரியாத பறவை. மூன்று நான்கு நாள் உயிரோடு வைத்திருந்து, பிறகு சுட்டுத் தின்றார்கள். நல்ல ருசி என்பது அவர்கள் தீர்ப்பு. நல்லவேளையாகத் தோலை எறியவில்லை, அது வால்டர் மாண்டெல் என்ற சேகரிப்பாளரின் கைக்கு வந்தது. அதுவரை எலும்புகளாக மட்டும் அறியப்பட்டு, அழிந்துபோனதாக நினைக்கப்பட்ட தகாஹே உயிரோடு இருப்பது லண்டனுக்குத் தெரிந்தது அப்படித்தான். பிறகு அது மறுபடி காணாமல் போய், 1948-இல் ஜெஃப்ரி ஆர்பெல் என்ற மருத்துவர் தே அனாவ் ஏரிக்கு மேலுள்ள மலைகளில் கண்டெடுத்தது வேறு கதை.

இந்த வரலாற்றில் மனம் ஒட்டும் மனிதர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றால், அவர் ரிச்சர்ட் ஹென்றி.

அயர்லாந்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, தே அனாவ் ஏரிக்கரையில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு பறவைகளைக் கவனித்துவந்தவர். படித்த விஞ்ஞானி அல்ல. ஆனால் ககாபோ என்ற பறக்காத இரவுக்கிளி ஒவ்வோர் ஆண்டும் முட்டையிடுவதில்லை என்பதையும், ஆண்கள் குழி பறித்து அமர்ந்து இரவெல்லாம் முரசு போல முழங்குவதன் பொருளையும் காட்டில் உட்கார்ந்தே புரிந்துகொண்டவர். அவர் கண்முன்னே இன்னொன்றும் நடந்தது. குடியேறிகள் கொண்டுவந்த முயல்கள் பெருகி மேய்ச்சலை அழித்தன. முயலை ஒடுக்க 1880-களில் அரசு ஸ்டோட்டுகளையும் அவற்றின் உறவினங்களையும் இறக்குமதி செய்தது. கீரி மாதிரி நீண்ட உடல், தன்னைவிடப் பெரிய இரையையும் கழுத்தைக் கடித்துக் கொல்லும் துணிச்சல். பறவை அறிந்தவர்கள் வேண்டாம் என்று கத்தியும் பண்ணைக்காரர்களின் குரல்தான் எடுபட்டது. ஸ்டோட்டுக்கு முயலைவிட ககாபோ சுலபம் என்பதைப் புரிந்துகொள்ள அதற்கு நெடுங்காலம் ஆகவில்லை.

1891-இல் ரெசல்யூஷன் தீவு பறவைக் காப்பிடமாக ஒதுக்கப்பட்டது. உலகிலேயே இந்த நோக்கத்துக்காக ஒதுக்கப்பட்ட முன்னோடித் தீவுகளில் ஒன்று. 1894-இல் அதன் காவலராக ஹென்றி நியமிக்கப்பட்டார். பக்கத்திலிருந்த பிஜன் தீவில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். அவர் யோசனை நேரடியானது: பெருநிலத்தில் பறவைகளைக் காக்க முடியாது, பிடித்துத் தீவுக்கு மாற்றிவிடலாம். பயிற்றிய நாயின் வாய்க்கு மூடி போட்டுக் காட்டுக்குள் விடுவார். ககாபோவுக்கு ஒரு தனி வாசனை உண்டு, நாய் கண்டுபிடித்துவிடும். நாயைக் கண்ட பறவை ஓடாது, உறைந்து நிற்கும். தூக்கிக் கூண்டில் போட்டு, முதுகில் சுமந்து, வழுக்கும் சரிவில் இறங்கி, துடுப்புப் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோவார். மழை நாளில் இது என்ன வேலை என்பதை யோசித்தால் முதுகு வலிக்கும். ஆறு ஆண்டில் இப்படி ஐந்நூறுக்கும் மேற்பட்ட ககாபோவையும் கிவியையும் தீவில் விட்டார். இன்று உலகமெங்கும் அருகிவரும் உயிர்களைத் தீவுகளுக்கு மாற்றிக் காப்பாற்றும் முறைக்கு அவர்தான் முன்னோடி. அப்போது அவரோடு இருந்தது சம்பளத்துக்கு ஓர் உதவியாள், ஒரு நாய், ஒரு படகு.

1900-இல் உல்லாசக் கப்பலில் வந்த சிலர் அவரிடம் ஒரு செய்தி சொன்னார்கள்: தீவுக் கரையில் கீரி மாதிரி ஒன்று வேக்கா பறவையைத் துரத்திக்கொண்டு ஓடியது. ஹென்றி நம்ப விரும்பவில்லை. பொறி வைத்தார், தடம் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. சில மாதம் கழித்து அவரே நேரில் பார்த்துவிட்டார். அரைக் கிலோமீட்டர் நீர் ஸ்டோட்டுக்குப் பெரிய விஷயமே அல்ல, அது ஒரு கிலோமீட்டருக்கு மேலும் நீந்தும் என்பது பின்னால் தெரிந்தது. அவர் சுமந்து சேர்த்த பறவைகள் ஓடிப்போக இடமில்லாத ஒரு தீவில் இரையாக நின்றன. 1908 வரை ஹென்றி அங்கேயே இருந்தார். பிறகு வடக்கே காபிட்டி தீவுக்குக் காவலராகப் போனார். அவர் 1903-இல் வெளியிட்ட பறக்காத பறவைகள் பற்றிய நூல், அவர் கண்டதில் பெரும்பகுதி சரி என்று அடுத்த நூற்றாண்டின் விஞ்ஞானிகளை ஒப்புக்கொள்ள வைத்தது.

அரசுக்கு இதிலிருந்து பாடம் கிடைத்ததா என்றால், 1910-இல் அதே டஸ்கியின் உள்கோடியான சப்பர் கோவ் குடாவில் கனடாவிலிருந்து பத்து மூஸ் மான்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வேட்டை விளையாட்டுக்கு ஆள் வரட்டும் என்று. குதிரை உயரத்து மான்கள் மழைக்காட்டுக்குள் போய் மறைந்தன. 1952-க்குப் பிறகு தெளிவான புகைப்படம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் கிடைத்த சில மயிர்களை கனடாவில் மரபணுச் சோதனை செய்தபோது மூஸ் என்றே முடிவு வந்தது. இன்னும் சிலர் தானியங்கிக் கேமராக்களோடு தேடிக்கொண்டிருக்கிறார்கள். குதிரை அளவு மிருகமே ஒளிந்துகொள்ளக்கூடிய காடு என்றால், அங்கே ஒரு ஸ்டோட்டைத் தேடுவதன் கஷ்டத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

1970-களில் ககாபோ தேடிப் போனவர்கள் ஃபியார்ட்லாந்து முழுவதும் அலைந்து கண்டது இருபதுக்கும் குறைவான பறவைகள். அத்தனையும் ஆண். 1977-இல் ஸ்டூவர்ட் தீவில் பெண்களும் உள்ள ஒரு கூட்டம் கிடைத்திராவிட்டால் இந்த இனம் முடிந்திருக்கும். ஃபியார்ட்லாந்தில் பிடித்த ஆண்களில் ஒன்றுக்கு ரிச்சர்ட் ஹென்றி என்று பெயர் வைத்தார்கள். அது 1998-இல் மூன்று குஞ்சுகளுக்குத் தகப்பன் ஆனது. ஃபியார்ட்லாந்து வம்சத்தின் மரபணு உயிர்தப்பியது அந்த ஒரு பறவையால் மட்டுமே. 2010 டிசம்பரில், வெகு முதுமையில் அது இறந்தது. 1995-இல் உலகில் 51 ககாபோ. 2022-இல் 250-ஐத் தாண்டியது.

டஸ்கி வட்டாரத் தீவுகளும் ஒவ்வொன்றாகத் துப்புரவாயின. 1988-இல் 170 ஹெக்டேர் பிரேக்சீ தீவில் நஞ்சுப் பெட்டிகளை வரிசையாக வைத்து எலிகளை முற்றாக ஒழித்தார்கள். அவ்வளவு பெரிய தீவில் அது முடியாது என்றுதான் அன்று பலரும் சொன்னார்கள். ரேவனின் ஆட்கள் வீடு கட்டிய ஆங்கர் தீவிலிருந்து 2001-இல் ஸ்டோட்டுகளும் பின்னர் மான்களும் அகற்றப்பட்டன. 2005-இல் அங்கே ககாபோக்களை விட்டார்கள். குக்கின் பீருக்குத் தளிர் தந்த ரிமு மரம்தான் அவற்றுக்கும் ஆதாரம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ரிமு அளவுக்கு மீறிக் காய்க்கும். அந்த ஆண்டில் மட்டும் ககாபோ முட்டையிடும், ஏனென்றால் குஞ்சுக்கு ஊட்ட அந்தப் பழம் வேண்டும். ஆகவே பாதுகாவலர்கள் இப்போது பறவைகளோடு மரங்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்: கிளைநுனிகளை எண்ணி, எத்தனையில் காய் பிடித்திருக்கிறது என்று கணக்கெடுத்து, அடுத்த ஆண்டு குஞ்சு வருமா என்று முன்கூட்டியே சொல்கிறார்கள்.

ரெசல்யூஷன் தீவு மட்டும் இன்னும் வசப்படவில்லை. இருநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. 2008 முதல் அங்கே வலைப்பின்னலாகப் பொறிகள் வைத்திருக்கிறார்கள். ஸ்டோட்டுகள் வெகுவாகக் குறைந்தன, அற்றுப்போகவில்லை. அக்கரன் கால்வாயைப் புதிதாக நீந்தி வருபவையும் உண்டு. கடலிலும் இதே போராட்டம்தான். 2010-இல் பிரேக்சீயின் சண்டே கோவ் குடாவில் ஒரு கயிற்றில் ஜப்பானியக் கடற்பாசி ஒன்று முளைத்திருப்பது கண்ணில் பட்டது. நம் ஊர் ஜப்பானிய உணவகங்களில் வக்காமே என்று சூப்பில் போடும் அதே பாசி. எந்தப் படகின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்ததோ தெரியாது, முங்குவீரர்கள் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு செடியாகப் பிடுங்கவேண்டி வந்தது. 2017-இலிருந்து ஃபியார்ட்லாந்துக்குள் நுழையும் படகுகள் அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவி, தண்ணீரையும் கயிறுகளையும் சுத்தம் செய்து, அதற்கான அனுமதிச் சீட்டு வாங்கியாக வேண்டும். மீன்பிடிப் படகு, சுற்றுலாக் கப்பல், சொந்தப் படகு எதற்கும் விலக்கு இல்லை. அனுமதிச் சீட்டு இல்லாத படகுக்கு அபராதம் உண்டு.